புத்தூரில் நான் உடைத்த விளிம்பு

யாழ்ப்பாணத்தில் ஐந்து நாள் இருந்தேன். முதல் நாளைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். மற்ற நாட்களைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். பழைய சொகுசுக் கார் வாங்குகிறவர்களுக்காக, வாங்கும் முன் அதைச் சோதித்து நல்லது கெட்டது சொல்வது என் தொழில். கொழும்பில் இருக்கும் ஒரு வியாபாரி, என் முதலாளியின் நண்பர், யாழ்ப்பாணத்துப் புத்தூரில் விலைக்கு வந்திருந்த ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் மேல் ஆசைப்பட்டார். அதன் பிரேக் டிஸ்க்குகள் இரும்பு இல்லை, செராமிக். ஒரு ஜோடி மாற்ற வேண்டி வந்தால் அந்தப் பணத்தில் வேறொரு சின்னக் காரே வாங்கிவிடலாம். அவை எந்த அளவு தேய்ந்திருக்கின்றன என்று பார்க்கத் தெரிந்த ஆளைத் தேடி, கடைசியில் என்னைக் கடல் தாண்டி அனுப்பினார்கள். அந்தப் பெருமையோடுதான் போய் இறங்கினேன்.

விமான நிலையத்து வாசலில் ஆட்டோவோடு நின்றவர் நேசன். முப்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்து மயிலிட்டியில் மீன்பிடிக் குடும்பம். இவருக்கு மட்டும் படகில் ஏறினால் வாந்தி வருமாம், அதனால் ஆட்டோ. எங்கள் ஊரில் ஆட்டோக்காரரோடு முதல் பேச்சே தகராறில்தான் தொடங்கும். இவர் என் கருவிப் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதுக்குள்ளே என்ன கல்லா என்று கேட்டுச் சிரித்தார். அப்போதே ஐந்து நாளைக்கும் அவர்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

வழியெல்லாம் சைக்கிள்கள். சேலை கட்டிய நடுவயதுப் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்து மிதித்துப் போனார்கள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. நடுரோட்டில் படுத்திருந்த நாய் எழுந்திருக்கும் வரை நேசன் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். இந்த ஊரில் ஸ்போர்ட்ஸ் காரை எங்கே ஓட்டுவார்கள் என்று யோசித்தேன்.

இரவுச் சாப்பாடு, தங்கிய விடுதிக்கு எதிரே ஒரு சின்னக் கடையில். சிவப்பு மா இடியப்பம், உள்ளங்கை அகலம்தான். எங்கள் வீட்டில் இடியாப்பம் என்றால் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும். இங்கே மஞ்சளாகச் சொதி, இடித்த தேங்காய்ச் சம்பல், ஒரு மீன் குழம்பு. பதினாறு வரை எண்ணினேன், பிறகு எண்ணவில்லை. கடைக்காரர் ஒவ்வொரு முறையும் கேட்காமலே நான்கு வைத்துவிட்டுப் போனார். நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை, தெருவில் ஏதோ இசை கேட்டு விழித்தேன். பாண் விற்கிற ஆட்டோ. ரொட்டிக்கு இங்கே பாண் என்று பெயர். ஒன்றை வாங்கித் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டேன். பிறகு, முதல் நாள் கனத்த பையின் சுமையைக் குறைக்கலாம் என்று, தேவையில்லை எனத் தோன்றிய சில சாமான்களை எடுத்து விடுதி மேசையில் வைத்தேன். அவற்றில் இரண்டு வழிகாட்டிப் பின்களும் இருந்தன.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தக் காரின் சக்கரத்தை ஐந்து போல்ட்டுகள் பிடித்திருக்கும். அவற்றைக் கழற்றியதும் சக்கரம் தாங்குவாரின்றி நழுவும். உள்ளே இருக்கும் செராமிக் டிஸ்க், சூட்டைத் தாங்குமே தவிர அடியைத் தாங்காது. சக்கரத்தின் உட்புறம் டிஸ்க்கின் விளிம்பில் இடித்தால் பீங்கான் தட்டு போலத் தெறித்துவிடும். அதனால் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி, அந்த இடத்தில் விரல் பருமனான நீளப் பின்களைத் திருகி வைத்து, அவற்றின் மேலேயே சக்கரத்தை நேராக இழுத்து எடுப்போம். எனக்குப் பதினெட்டு வருடப் பழக்கம். கையாலேயே தாங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

புத்தூரில் நேசன் நிறுத்திய வீட்டைச் சுற்றிச் செம்மண், அதில் வரிவரியாக வெங்காயம். தகரக் கொட்டகை ஒன்றில் பாதி இடத்தில் விதை வெங்காயம் கட்டித் தொங்கியது. மறுபாதியில் பழைய படுக்கை விரிப்புகள் போர்த்திய கார்.

சொந்தக்காரர் யோகேஸ்வரன். நேசன் அவரை யோகண்ணை என்றார். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். லண்டனில் இருபது வருடம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்துவிட்டு, வீடு சாமான்களோடு காரையும் கொண்டுவந்து ஊரில் இறங்கியவர். பிறர் ஓட்டும் பஸ்ஸையே வாழ்நாளெல்லாம் திருத்தினேன், ஒன்றாவது எனக்கென்று இருக்கட்டும் என்று வாங்கியதாகச் சொன்னார். இந்த ஊர்த் தெருவில் மூன்றாம் கியருக்கு மேல் போட்டதில்லையாம். பிறகு சர்க்கரை நோய் கண்ணில் இறங்கியது. இப்போது எதிரே நிற்பவர் ஆணா பெண்ணா என்பது தெரியும், முகம் தெரியாது. ஓட்ட முடியாத காரை வைத்துத் துருப்பிடிக்க விட மனமில்லை. அதுதான் விற்பனை.

என் கையைப் பிடித்து வரவேற்றார். பிடித்த கையை உடனே விடாமல், உள்ளங்கைக் காய்ப்பைத் தடவிப் பார்த்து, "வேலை செய்யிற கை," என்றார்.

முதலில் சக்கரத்தின் இடைவெளி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். இரும்பு டிஸ்க் தேய்ந்தால் விளிம்பில் உதடு கட்டும், நகத்தை வைத்தாலே தெரியும். செராமிக் அப்படித் தேயாது. கனம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், உள்ளே இருக்கும் கரிநார் மட்டும் சூட்டில் எரிந்து எரிந்து குறையும். எரிந்த டிஸ்க்கின் முகம் சொரசொரப்பாகி, நார்நாராகப் பள்ளம் விழுந்திருக்கும். தேய்மானம் காட்டவென்றே முகத்தில் மூன்று சிறு வட்டங்கள் வைத்திருப்பார்கள், அவையும் குழிந்திருக்கும். இதெல்லாம் கண்ணுக்கு. கடைசித் தீர்ப்பு எடைதான். எந்த எடைக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும் என்று டிஸ்க்கின் நடுப்பகுதியிலேயே பொறித்திருக்கும்.

இவருடைய டிஸ்க்குகளின் முகம் கண்ணாடி மாதிரி இருந்தது. சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. தினமும் காலையில் சக்கர இடைவெளியில் விரலை விட்டு நான்கு டிஸ்க்குகளின் விளிம்பையும் தடவிப் பார்ப்பாராம். அடுத்தது கையும் காலும் மரத்துப்போகும் என்று டாக்டர் எச்சரித்திருந்ததால், காருக்கும் தனக்கும் சேர்த்து அது ஒரு சோதனை என்றார்.

எடை போட முன்சக்கரங்களைக் கழற்ற வேண்டும். ஜாக்கியில் ஏற்றி இடது முன்சக்கரத்துப் போல்ட்டில் கை வைத்தேன்.

"பின் போடேல்லையோ, தம்பி? என்னட்டைக் கிடக்கு, எடுத்துத் தரட்டோ?" என்றார்.

"வேண்டாங்க. எனக்குப் பழக்கந்தான்," என்றேன்.

டிப்போவில் இருபது வருடம் இருந்தவரிடம் சொன்னேன் இதை. அவர் தேத்தண்ணி கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனார். நேசன் வேலியோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். கடைசிப் போல்ட்டும் வந்தது. செம்மண் தரை ஈரமாக இருந்தது. என் கால் ஒரு விரல்கடை வழுக்கியது, அவ்வளவுதான். சக்கரம் சாய்ந்து டிஸ்க்கில் பட்டது. பெரிய சத்தம் இல்லை, கப்பும் சாஸரும் மோதுவது போல ஒரு சத்தம். விளிம்பில் புளியங்கொட்டை அளவு ஒரு சில்லு தெறித்துக் கீழே விழுந்தது.

நான் அதைக் காலால் மண்ணுக்குள் அழுத்தினேன். யோசித்துச் செய்யவில்லை. ஆனால் அழுத்திய பிறகு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அது யோசித்துச் செய்தது.

அவர் இரண்டு கோப்பைகளோடு வந்தார். எனக்குக் கடித்துக்கொள்ள ஒரு துண்டுப் பனங்கட்டி, அவருக்கு வெறும் தேநீர். கோப்பையை என் கையில் தந்துவிட்டு, குந்தி உட்கார்ந்து, சக்கரம் இல்லாத டிஸ்க்கைக் குழந்தையின் தலையைத் தடவுவது போலத் தடவினார். விரல் ஒரு சுற்று வந்து நின்றது. திரும்பிப் போய், மறுபடி வந்து, அதே இடத்தில் நின்றது.

"இதென்ன, இதிலை?"

"பழைய உடைசலுங்க. முன்னாடியே இருந்திருக்கும்," என்று என் வாய் சொன்னது.

"இண்டைக்கு விடியவும் தடவிப் பாத்தனான். இப்பிடி ஒண்டும் இருக்கேல்லை." கொஞ்ச நேரம் விரலையே நெருடிக்கொண்டிருந்தார். "கண் போச்சு. இப்ப விரலும் போகத் தொடங்கீட்டுது போலை."

அப்போது சொல்லியிருக்கலாம். தேநீர் ஆறிவிடும் என்று குடித்தேன்.

வலது சக்கரத்துக்கு நானே பின் கேட்டேன். எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்த பின்களை எடுத்து வந்து தந்தார். கேட்டதில் அவருக்குச் சந்தோஷம்.

எடை பத்து கிராம்கூடப் பிசகாமல் தெரிய வேண்டும். வெங்காயம் நிறுக்கும் தராசு உதவாது. மயிலிட்டியில் கடலட்டை வாங்கி ஏற்றுமதிக்கு அனுப்பும் அம்மா ஒருவர் நல்ல மின்தராசு வைத்திருப்பதாக நேசன் சொன்னார். இரண்டு முன்டிஸ்க்குகளையும் கழற்றி, பழைய கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன். துறைமுகத்தில் மத்தியானப் படகுகள் வந்து நின்றன. வலையில் சிக்கிய சிறுமீன்களைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் கம்பளிக்குள் என்ன என்று எட்டிப் பார்த்தார்கள்.

தூசியைத் துடைத்து, ஈரம் இல்லை என்று உறுதி செய்து, காற்றில் எண் ஆடாமலிருக்க மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, எடை போட்டேன். அந்த அம்மா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீன் எண்டா செவுளைப் பாப்பம். உதிலை என்னத்தைப் பாக்கிறியள்?"

விளக்கினேன். இரண்டு டிஸ்க்கும் பொறித்திருந்த எடையைவிட நூறு கிராமுக்கு மேல் கூடுதலாக இருந்தன. பதினைந்து வருடக் காருக்கு அது மிக நல்ல எடை. அந்த மனிதர் அவ்வளவு பதமாக ஓட்டியிருக்கிறார். பழுது என்று அந்தக் காரில் ஒன்றே ஒன்றுதான், அதற்கு வயது மூன்று மணி நேரம்.

நேசன் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய் நண்டுக்கறி போட்டார். முருங்கை இலை போட்டுக் காரமாக வைத்த கறி. இரண்டு முறை சோறு வாங்கினேன். குற்றம் செய்தவனுக்குச் சாப்பாடு இறங்காது என்று எங்கேயோ கேட்டிருந்தேன், எனக்கு இறங்கியது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மாலையில் கொழும்புக்காரரிடம் போனில் சொன்னேன்: எடை நன்று, முகம் நன்று, இடது முன்டிஸ்க்கின் விளிம்பில் ஓர் உடைசல். அவருக்கு அந்தக் கடைசி வார்த்தை போதுமாக இருந்தது. உடனே யோகேஸ்வரனை அழைத்து, புது ஜோடியின் விலையையே மொத்தத்திலிருந்து கழித்துவிட்டார். யோகேஸ்வரன் மறுபேச்சு இல்லாமல் ஒத்துக்கொண்டாராம். பழுதை ஒளித்து விற்கப் பார்த்தவன் என்று அந்த ஆள் நினைத்துவிடக் கூடாது, அதற்காகக் குறைத்தாலும் பரவாயில்லை என்று பிறகு என்னிடமே சொன்னார்.

மூன்றாம் நாள், டிஸ்க்குகளை மாட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று காலையிலேயே புத்தூருக்குப் போனேன். யோகேஸ்வரனும் அவர் மனைவி செல்வராணியும் வெளியே போகத் தயாராகி, பஸ்ஸுக்காக வாசல் படலையடியில் நின்றார்கள். சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்கு. செல்வராணிக்கு அது பிறந்த ஊர், தெரிந்த டாக்டர் இருக்கிறார். பஸ் வரவில்லை. எங்கள் ஆட்டோவிலேயே வாருங்கள் என்றேன். பின்சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தோம், அவர் நடுவில்.

எதற்கு ஆஸ்பத்திரி என்று நான் கேட்கவில்லை. செல்வராணியே சொன்னார். நேற்றிலிருந்து விரல் மரத்துவிட்டது என்று கணவர் சொல்கிறாராம். சோறு பிசையும்போதும் விரலையே பார்க்கிறாராம். இன்சுலின் பேனாவைத் திருப்பி, கிளிக் கிளிக்கென்று அது விரலில் தட்டுவதை எண்ணி இதுவரை தானே போட்டுக்கொண்டவர், இன்று காலை அதை மனைவியிடம் நீட்டி, இனி நீயே போடு என்றுவிட்டாராம். அவர் இரண்டு கைகளையும் தொடையின் மேல் கவிழ்த்து வைத்திருந்தார்.

கடல்நீரேரியை அறுத்துக்கொண்டு போகும் ரோடு. இரு பக்கமும் தண்ணீர் தகடாகக் கிடந்தது, ஒற்றைக் காலில் நின்ற கொக்குகள். வேறு நாள் என்றால் இறங்கிப் படம் எடுத்திருப்பேன். பாதி வழியில் ஆட்டோ ஒருபக்கம் இழுத்தது. காற்றுப் போய்விட்டது. எல்லோரும் இறங்கினோம். காற்று, பேச்சைப் பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி அடித்தது.

நேசன் நட்டுகளைக் கழற்றி ரோட்டில் வைக்கப் போனார். உருண்டுவிடும், என்னிடம் கொடு என்று யோகேஸ்வரன் கையை நீட்டினார். உள்ளங்கையில் வாங்கி, வழக்கம் போல ஒவ்வொன்றாக விரலால் உருட்டினார்.

"நேசன், இதிலை ஒண்டின்ரை மரை தேஞ்சு கிடக்கு. சாவகச்சேரியிலை புதுசு வாங்கிப் போடும்."

நேசன் வாங்கி, உட்புறத் திருகுவரியைக் கண்ணுக்கருகே பிடித்துப் பார்த்தார். உண்மைதான்.

"விரல் விறைச்சுப் போச்சு எண்டுதானே இப்ப போறம்?" என்றார் செல்வராணி.

"இது பெரிய மரை, பிடிபடுது. அந்த உடைசல் எத்தினை நாளாக் கிடந்ததோ, அது எனக்குப் பிடிபடேல்லையே."

தன் விரல் கண்ணெதிரே சாட்சி சொல்லியும் அவர் என் வார்த்தையைத்தான் நம்பினார். எனக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

"அது பழைய உடைசல் இல்லைங்க. நான்தான் உடைச்சேன்," என்றேன்.

காற்றில் கேட்கவில்லையோ என்று மறுபடி சொன்னேன். கேட்டிருந்தது.

"எப்ப?"

"நீங்க டீ எடுக்கப் போனப்ப. சக்கரம் நழுவி இடிச்சிருச்சுங்க."

"பின் வேணுமோ எண்டு கேட்டனான்."

"கேட்டீங்க."

அவர் வலக்கையை மெல்ல விரித்தார், மூடினார். கட்டைவிரலால் மற்ற விரல்நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை, நிம்மதி. பரீட்சையில் தேறிவிட்ட பிள்ளையின் முகம். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்ப என்ரை விரல் சரி," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

செல்வராணி என் முன்னால் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"நாங்கள் உங்களுக்கு என்ன செய்தனாங்கள்?"

நேசன் சக்கரத்தை மாட்டி முடித்து, என் முகத்தைப் பார்க்காமல் இன்ஜினைக் கிளப்பினார். நான் முன்னால் அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். அதுவரை தம்பி என்றும் நீர் என்றும் அழைத்த யோகேஸ்வரன், இறங்கும்போது, "நீங்கள் இஞ்சை நிக்கத் தேவையில்லை," என்றார். அந்த நீங்கள் அதற்குப் பிறகு மாறவே இல்லை.

அவர்கள் ஆஸ்பத்திரிக்குள் போனார்கள். நான் சந்தை வாசலில் மாம்பழக் குவியல்களுக்கு நடுவே நின்று கொழும்புக்கு போன் செய்தேன். நடந்ததைச் சொல்லி, விலையைக் குறைத்தது நியாயமில்லை என்றேன். அவர் கேட்டார்: ஒரு பொய் சொன்ன ஆள் நீங்கள், அப்படியென்றால் நீங்கள் சொன்ன எடையை மட்டும் நான் எப்படி நம்புவது? அந்தக் காரே வேண்டாம் என்று வைத்துவிட்டார்.

அதை நான் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்று ஏதோ ஒரு நினைப்பு. விற்பனையே போயிற்று. கொஞ்ச நேரத்தில் கோயம்புத்தூரிலிருந்து முதலாளி அழைத்தார். வந்து சேர், பேசிக்கொள்ளலாம் என்றார். அவர் அவ்வளவு சுருக்கமாகப் பேசுகிறவர் இல்லை.

டாக்டர் ஊசியாலும் பஞ்சாலும் தொட்டுப் பார்த்து, கையில் உணர்ச்சிக்குக் குறைவில்லை, பாதத்தை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாராம். இதை நேசன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வெளியே வந்ததும் செல்வராணி கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வாங்கினார். நேசனுக்கு இரண்டு கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை. கொடுக்காதது நல்லது என்றே தோன்றியது. வாங்கியிருந்தால் என்ன செய்திருப்பேன்?

நான் கொழும்புக்குப் பேசியதையும், அவர் காரை வேண்டாமென்றதையும் சொன்னேன். யோகேஸ்வரன் ஆச்சரியப்படவில்லை. நாளைக்கு வாருங்கள், எடையை என் முன்னால் போட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

நான்காம் நாள் நாலு பேருமாக மயிலிட்டிக்குப் போனோம். கடலட்டை அம்மா மின்விசிறியைக் கேட்காமலே நிறுத்தினார். நான் டிஸ்க்கை வைத்தேன், எண்ணைச் செல்வராணி வாசித்தார், யோகேஸ்வரன் டிஸ்க்கில் பொறித்திருந்த எண்ணை விரலால் தடவி, இலக்கம் இலக்கமாகச் சொல்லிச் சரிபார்த்தார். அதே எடைதான் வந்தது. பொய் சொல்லாத இடத்திலும் என்னைச் சோதிக்க வேண்டியிருந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் சந்தோஷப்படவில்லை.

புத்தூருக்குத் திரும்பி, பின் போட்டு, சக்கரங்களை மாட்டினேன். ஒவ்வொரு போல்ட்டையும் நான் முறுக்கிய பிறகு அவர் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். புது டிஸ்க்குக்கு என்னால் முடிந்ததைத் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அது என்னால் முடியாது என்பது இருவருக்கும் தெரியும். அவர் கையை அசைத்துப் பேச்சை நிறுத்தினார். பிறகு, இனி வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு சோதனை அறிக்கை எழுதித் தாருங்கள் என்றார்.

வெங்காயத்தின் கீழே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினேன். எடை, முகத்தின் நிலை, வட்டங்கள், டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பர், எல்லாம். கடைசியில் உடைசல். அதன் நீள அகலத்தையும், எந்த இடத்தில் என்பதையும், கம்பெனி அனுமதிக்கும் அளவுக்கு அது மேலா கீழா என்று சொல்ல முடியாமல் எல்லைக்கோட்டில் இருக்கிறது என்பதையும் எழுதினேன். செல்வராணி உரக்க வாசித்தார். 'சோதனையின்போது இடது முன்டிஸ்க்கின் விளிம்பில் சிறு சேதம் ஏற்பட்டது' என்ற இடத்துக்கு வந்ததும் யோகேஸ்வரன் நிறுத்தச் சொன்னார்.

"தன்ரை பாட்டிலை ஏற்பட்டதோ? ஆர் செய்தது எண்டு எழுதுங்கோ."

அடித்துவிட்டு எழுதினேன். வாசிக்கக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு நடந்ததையும் எழுதச் சொன்னார். அதையும் எழுதினேன். அடியில் என் பெயரும் போன் நம்பரும். அவர் காகிதத்தை வாங்கி, பேனா அழுந்திய தடத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

மத்தியானம் ஆகிவிட்டதால் செல்வராணி சாப்பாடு போட்டார். கத்தரிக்காய்க் கறி, பருப்பு, வெங்காயத்தாள் வறை. நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஒரு கைப்பிடிக்கு மேல் அன்றைக்கு இறங்கவில்லை. அவர் வற்புறுத்தவில்லை.

ஐந்தாம் நாள் நேசன் விமான நிலையத்தில் விட்டார். பையைத் தூக்கித் தந்துவிட்டு, "அண்ணை, நான் அண்டைக்கு வேலியடியிலை நிண்டு கண்டனான்," என்றார். என்ன கண்டீர்கள் என்று கேட்டேன். காலால் எதையோ மண்ணுக்குள் அழுத்தியதையாம். என்னவென்று விளங்கவில்லை, பெரிய இன்ஜினியர், காரணத்தோடுதான் செய்வார் என்று நினைத்தாராம். கை கொடுத்துவிட்டு அடுத்த சவாரிக்குப் போனார்.

வேலை போகவில்லை. ஆனால் முதலாளி இப்போது நான் பார்த்த காரை இன்னொருவரையும் விட்டுப் பார்க்கச் சொல்கிறார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

யோகேஸ்வரன் ஒரு முறையும் அழைக்கவில்லை. ஆனால் காரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அந்தக் காகிதத்தைக் கொடுக்கிறார் என்று தெரிகிறது. முதலில் திருகோணமலையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பிறகு கண்டியிலிருந்து ஒருவர். இரண்டு முறையும் போனை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் பின்னால், பழைய டயர்கள் அடுக்கிய மூலைக்குப் போய்த் தாழ்ந்த குரலில் பேசிவிட்டு வந்தேன். அவர்கள் வாங்கினார்களா தெரியாது.

போன வாரம் வவுனியாவிலிருந்து ஓர் அழைப்பு. கை நிறைய கிரீஸ், போனை ஸ்பீக்கரில் போட்டு பெஞ்சின் மேல் வைத்திருந்தேன். அந்த மனிதர் அவசரமில்லாமல் காகிதத்தை வாசித்தார். "'இடது முன்டிஸ்க்கின் விளிம்பை நான் கவனக்குறைவால் உடைத்தேன். பழைய உடைசல் என்று பொய் சொன்னேன்' எண்டு கிடக்கு. அந்த நான் எண்டது நீங்களோ?"

"ஆமாங்க. நான்தான்."

"எடையெல்லாம் சரியோ?"

"சரிங்க. எண்ணை வாசிச்சது கார்க்காரரோட வீட்டம்மா."

"எப்பிடி உடைஞ்சது எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. விளங்கினா நல்லது."

பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேரும் ஸ்பேனரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். முதலாளியின் அறைக் கதவும் திறந்திருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து வெளியே போயிருக்கலாம். நின்ற இடத்திலேயே நின்று, முதலிலிருந்து சொன்னேன்.